அரியதரத்தில் எஞ்சின் மணம்

அத்தியாயம் 4

ரஜீபன் அரியதரத்தை மூக்கடியில் பிடித்து ஒருமுறை மோந்தான். நம்பமுடியாமல் இன்னொருமுறை மோந்தான்.

“அக்கா, இதைச் சாப்பிடத் தந்தவையோ, ஓட்டோவுக்கு ஊத்தத் தந்தவையோ?”

“வாயை மூடிப்போட்டு மூக்கை மட்டும் திறவும்,” என்றாள் கஜாலினி.

ஊர்காவற்றுறையில் மருந்துக்கடைக்கு மேலே ஒற்றை அறை எடுத்து, ‘தனியார் விசாரணை’ என்று பலகை தொங்கவிட்டிருப்பவள் கஜாலினி. அவளிடம் வருவதெல்லாம் பெரும்பாலும் வெளிநாட்டு மாப்பிள்ளைமாரின் வில்லங்கங்கள். சொன்ன வேலைதான் செய்கிறாரா, அங்கே ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறதா என்று இருந்த இடத்தில் இருந்தபடியே துழாவி எடுத்துவிடுவாள். ரஜீபன் அவளுடைய சாரதி, அவளுடைய உதவியாளன். ஓட்டோவும் அவனுடையது, வாயும் அவனுடையது. இரண்டுக்கும் பிரேக் கொஞ்சம் குறைவு.

பலகாரத்தை விசாரிக்கச் சொல்லி ஒருவர் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

கூப்பிட்டவர் இறுப்பிட்டி ஊர் விநாயகமூர்த்தி, இப்போது அவர்கள் நிற்பது அவருடைய வீட்டில். தென்னிலங்கையில் கடை வைத்திருப்பவர். மகள் லோஜனாவின் கலியாணத்துக்காகக் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். மாப்பிள்ளை கீர்த்திகன், நயினாதீவில் சொந்த வள்ளம் ஓட்டுகிறவன். தாலிக்குப் பொன்னுருக்கியாகிவிட்டது. நேற்றுக் காலை பெண்வீட்டில் பலகாரச் சூடு நடந்தது.

இரண்டு பக்கத்துப் பெண்களும் கூடி, நல்லநேரத்தில் அடுப்பு மூட்டி, எண்ணெயில் முதலில் போடுவது அரியதரம். அரிசிமாவும் சீனிப்பாகும் குழைத்த அந்தச் சின்ன வட்டம் பொன்னிறமாக மிதந்து வந்தால் கூடிநிற்கிற முகமெல்லாம் மலர்ந்துவிடும். நேற்று அது கரிக்கட்டையாக மிதந்து வந்தது. அதற்கு முன்னாலேயே அதன் மணம் வந்துவிட்டது.

மாப்பிள்ளையைத் தாய்க்குத் தாயாக வளர்த்தவர் அவனுடைய மாமி அன்னபூரணம். புருஷனை இழந்தவர் என்பதால் பலகாரத்தில் கைவைக்காமல் தள்ளிக் கதிரையில் இருந்தார். மணம் எட்டியதும் முகம் வெளிறிப்போய் எழுந்தார். “இந்த முகூர்த்தம் வேண்டாம்” என்ற ஒரு பேச்சோடு சரி. ஊரில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டு இன்று பின்னேர வள்ளத்தில் நயினாதீவு திரும்பப் போகிறார். அங்கே இறங்கி அவர் வாய் திறந்தால் கலியாணம் நின்றதுதான். அடுத்த முகூர்த்தம் மார்கழி கழிந்த பிறகு. அதுவரைக்கும் ஊர்வாய் லோஜனாவைச் சும்மா விட்டுவைக்குமா?

“இது செய்வினை பிள்ளை,” என்றார் விநாயகமூர்த்தி. “என்ர மச்சான்காரன் ஒருத்தனுக்கு எங்களைக் கண்ணிலை காட்டேலாது.”

“செய்வினை செய்யிறவை எலுமிச்சம்பழம் வைப்பினம் ஐயா, எஞ்சின் எண்ணெய் வைக்கமாட்டினம். நேற்றுச் சுட்ட தாச்சி எங்கை?”

தாச்சி குசினிக்குப் பின்னால் கவிழ்ந்து கிடந்தது. பலகாரம் பொரிக்கிற பெரிய இரும்புச் சட்டி. ஒரு சின்னப் பிள்ளையை இருத்திக் குளிப்பாட்டலாம். ஊர் வாசிகசாலைச் சாமான். கலியாணமோ செத்தவீடோ, கதிரையும் தாச்சியும் அங்கேயிருந்துதான் எல்லா வீட்டுக்கும் போகும். காதோரமாக ‘உபயம்: பொன்னுத்துரை குடும்பம், ரொறன்ரோ’ என்று வெட்டியிருந்தது.

கஜாலினி குந்தியிருந்து தாச்சியைச் சுற்றிப் பார்த்தாள்.

“தம்பி, விறகடுப்பிலை வைக்கிற தாச்சிக்கு வெளிப்பக்கம் என்ன நிறம்?”

“என்ர நிறம்.”

“இது?”

ரஜீபன் எட்டிப் பார்த்தான். நேற்றைய புகை மெல்லிசாகப் படிந்திருந்தது. அதற்குக் கீழே இரும்பு பளபளத்தது. வட்டம் வட்டமாகக் கீறல்கள்.

“ஆரோ வெளிப்பக்கத்தையும் துலக்கியிருக்கினம்.”

“தாச்சிக்கு வெளிப்பக்கம் துலக்கிற பொம்பிளையை நான் இன்னும் காணேல்லை. இது கம்பி பிரஷ். குசினியிலை புழங்கிற கையில்லை. பாவம், ஆசையா விழுந்து விழுந்து துலக்கியிருக்கு. ஒரு இடத்தைத்தான் விட்டிட்டுது.”

சேலையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றி, ‘பொன்னுத்துரை’யின் முதல் எழுத்துக்குள் விட்டுக் கிளறினாள். ஊசிமுனையில் கறுப்பாக ஒரு பசை வந்தது. அதை ரஜீபனின் மூக்குக்கு நீட்டினாள்.

“அதே மணம்தான் அக்கா! ரொறன்ரோவிலை இருக்கிற மனிசனின்ர பேருக்குள்ளை ஆரப்பா எஞ்சின் எண்ணெய் ஊத்தினது?”

“நேற்று அரியதரம் சுட முதலே இதிலை வேற ஏதோ வெந்திருக்கு. இரும்பு மணத்தையும் கரியையும் குடிச்சு வைச்சிருந்து, சூடு கண்டோடனை கக்கியிருக்கு.”

அந்த நேரம் பார்த்துத் தேத்தண்ணி வந்தது. லோஜனாதான் கொண்டுவந்தாள். அழுது வீங்கிய கண். இரண்டு கையிலும் மருதோன்றி. விரல்களில் கொடியும் பூவுமாக அழகான வேலைப்பாடு. வலது பெருவிரலில் மட்டும் பூவுமில்லை, கொடியுமில்லை, நுனி முழுக்க அப்பியிருந்தது.

“பெருவிரலுக்கு மட்டும் தொப்பி போட்டிருக்கு,” என்றான் ரஜீபன்.

“விளக்குச் சுட்டுப்போட்டுது,” என்று தரையைப் பார்த்துச் சொன்னாள் லோஜனா. “மருதோன்றி குளிர்ச்சியெண்டு வைச்சனான்.”

“விளக்கோ?” என்றாள் கஜாலினி.

“ஓம் அக்கா.”

லோஜனா தேத்தண்ணியைக் கொடுத்த வேகத்திலேயே உள்ளே போய்விட்டாள். கஜாலினி ஒரு மிடறு குடித்துவிட்டு விநாயகமூர்த்தியைப் பார்த்தாள்.

“ஐயா, இந்த ஊரிலை ஆரின்ர எஞ்சின் இப்ப பிரிச்சுக் கிடக்கு?”

“எனக்கென்ன தெரியும்? கடற்கரையிலை சயந்தன்ர கொட்டில் கிடக்கு. அங்கை எப்பவும் ஒண்டு பிரிச்சுத்தான் கிடக்கும். அவன் பூட்டினதை நான் காணேல்லை.”

*

சயந்தனின் கொட்டில் கரையோரமாக, இழுத்து ஏற்றிய ஒரு வள்ளத்தின் நிழலில் இருந்தது. வாசிகசாலையின் பின்பக்கச் சுவர் அதற்கு நேர் எதிரே. மேசையில் விரித்த சாக்கில் ஒரு மூன்று சிலிண்டர் எஞ்சினின் குடல் ஈரல் எல்லாம் கிடந்தது. சயந்தன் அதன் நடுவில் பெரிய வைத்தியர் மாதிரி நின்றான்.

“உப்புத்தண்ணி உள்ளுக்குப் போட்டுது அக்கா. எல்லாம் இறுகிப் போச்சு. இஞ்சை பாருங்கோ, இது பிஸ்டன். இது அதைத் தள்ளி இழுக்கிற தண்டு. ரெண்டையும் கோத்து வைச்சிருக்கிறது இந்தப் பின். ரெண்டு பக்கக் கிளிப்பையும் கழட்டினால் தானா வழுக்கி வரவேணும். இது வரமாட்டன் எண்டு நிண்டுட்டுது.”

“பேந்து ஆர் வரப்பண்ணினது?”

“வேற ஆர்? நான்தான்.” சயந்தனின் நெஞ்சு ஒரு அங்குலம் முன்னுக்கு வந்தது. “சுத்தியலாலை ரெண்டு தட்டு.”

மூன்று பின்களும் சாக்கின் ஓரத்தில் வரிசையாகக் கிடந்தன. பெருவிரல் பருமன் உருக்கு, நடுவில் குழாய் போல ஓட்டை. கஜாலினி ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். ஒன்றின் விளிம்பு சப்பளிந்து காளான் மாதிரி விரிந்திருந்தது. மற்ற இரண்டிலும் ஒரு கீறல் இல்லை.

“உம்மடை ரெண்டு தட்டும் இந்த ஒண்டிலையே விழுந்திட்டுது தம்பி. மற்ற ரெண்டும் உம்மைக் கண்டு பயந்து தானா இறங்கி வந்ததுகளோ?”

“சுத்தியலைத் தூக்கிக் காட்டியிருப்பார்,” என்றான் ரஜீபன்.

சயந்தனின் நெஞ்சு பழைய இடத்துக்குப் போனது. சாக்கின் நுனியைச் சுருட்டினான், விரித்தான்.

“சரி அக்கா, சொல்லுறன். முந்தநாள் அடிச்சுப் பாத்தனான். அசையேல்லை. இன்னும் அடிச்சால் தண்டு வளைஞ்சிடும். அழுத்திக் கழட்டிற மிசின் பாக்க யாழ்ப்பாணம் போனனான். விடிய வந்து பாத்தால் மூண்டும் கழண்டு, துடைச்சு, பூசைக்கு வைச்ச மாதிரி கிடக்கு. வாற போறவை எல்லாம் ‘கெட்டிக்காரன் சயந்தன்’ எண்டினம். வந்த பேரை நான் ஏன் விடுவான்?”

“சுத்தியல் இல்லாமல் எப்பிடிக் கழரும்?”

“சூடு காட்டவேணும். ஊறுகாய்ப் போத்தல் மூடி இறுகினால் சுடுதண்ணியிலை பிடிக்கிறேல்லையோ, அப்பிடித்தான். பிஸ்டன் அலுமினியம், பின் உருக்கு. சூட்டுக்கு அலுமினியம்தான் கூட விரியும். கொதியெண்ணெயிலை போட்டெடுத்தால் பெருவிரலாலை தள்ள வரும். ஆற முதல் தள்ளவேணும், ஆறினால் திரும்பப் பிடிச்சுப்போடும். எனக்குத் தெரியாததே? மூண்டு பிஸ்டனும் தாழுற அளவுக்குத் தாச்சிக்கு நான் எங்கை போறது?”

ரஜீபனும் கஜாலினியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இருவரும் சேர்ந்து எதிரே இருந்த வாசிகசாலைச் சுவரைப் பார்த்தார்கள்.

“வாசிகசாலைத் திறப்பு ஆரிட்டை?” என்றாள் கஜாலினி.

“பூந்தொட்டிக்குக் கீழை. ஊருக்கே தெரியும்.”

கஜாலினி ஒரு பின்னை எடுத்துத் தன் பெருவிரல் நுனியில் அழுத்தினாள். எடுத்துவிட்டு, தோலில் பதிந்திருந்த அடையாளத்தைச் சற்று நேரம் பார்த்தாள். அதில் பார்க்க என்ன இருக்கிறதென்று ரஜீபனுக்குப் புரியவில்லை. அவன் கண் வேறிடத்தில் நின்றது.

“அக்கா, இந்த வள்ளத்துக்குக் கால் முளைச்சிருக்கு.”

ஏற்றி வைத்த வள்ளத்தின் அடியில், நிழலோடு நிழலாக இரண்டு பாதங்கள் தெரிந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை மெல்ல உள்ளே இழுபட்டன.

“வெளியிலை வாரும் கீர்த்திகன்,” என்றாள் கஜாலினி. “பொன்னுருக்கினாப் பிறகு வீட்டுப்படி தாண்டக்கூடாத மாப்பிள்ளை, பொம்பிளையின்ர ஊரிலை வள்ளத்துக்குக் கீழை என்ன செய்யிறீர்?”

மாப்பிள்ளை தவழ்ந்து வெளியே வந்தான். தலை நிறைய மண்.

“உங்களுக்கு எப்பிடி என்னைத் தெரியும்?”

“இந்த ஊரிலை இப்ப ஒளிக்கவேண்டிய ஆள் ஒருத்தர்தான். இது உம்மடை வள்ளமோ?”

“மாமாவின்ர. அவர் போனாப் பிறகு என்ர. அதின்ர எஞ்சினைப் பாக்கத்தான் இண்டைக்கும் வந்தனான். ‘அவற்ர வள்ளத்திலைதான் பொம்பிளை நயினாதீவிலை வந்து இறங்கவேணும்’ எண்டு மாமி ஒரே பிடி. பொன்னுருக்கண்டு பாத்து எஞ்சின் நிண்டுட்டுது. சயந்தன் அண்ணை அடிச்ச அடியைப் பாத்து எனக்கு நெஞ்சு வெடிச்சுது. அவர் யாழ்ப்பாணம் போன கையோடை, பொழுதுபட்டு மம்மலுக்கை தாச்சியை எடுத்து, இதிலை அடுப்புக்கல்லு வைச்சு எஞ்சின் எண்ணெயைக் கொதிக்கவைச்சனான். கழுவித் துலக்கித்தான் வைச்சனான் அக்கா, அம்மாளாச்சியாணை! விடிய அதே தாச்சி என்ர கலியாணத்துக்கே போகுமெண்டு கண்டனானே?”

“ஒரு ஊரிலை ஒரு தாச்சி இருந்தால் வேற எங்கை போறது?” என்றான் ரஜீபன்.

“மாமியிட்டை ஏன் சொல்லேல்லை?” என்றாள் கஜாலினி.

“இந்த ஊருக்கு வந்தனான் எண்டு தெரிஞ்சாலே, பொம்பிளையைப் பாத்தனியோ எண்டு கேப்பா. பொன்னுருக்கினாப் பிறகு ரெண்டு பேரும் மணவறையிலைதான் முகம் பாக்கலாம்.”

“பாத்தனீரோ?”

“இல்லை.” பதில் கேள்வி முடியுமுன்பே வந்துவிட்டது. “தனியத்தான் செய்தனான்.”

“கையைக் காட்டும்.”

நீட்டினான். இரண்டு உள்ளங்கையும் சிவந்து, துணியின் இழை பதிந்தது போலச் சூடு பட்டிருந்தது. பெருவிரல் இரண்டும் சுத்தமாக இருந்தன.

“கைரேகையும் பாப்பீங்களோ அக்கா?” என்றான் ரஜீபன்.

“பாத்தாச்சு. இவருக்குத் துணையோடை செய்யிற வேலைதான் சரிவரும் எண்டு போட்டிருக்கு. ஓட்டோவை எடும்.”

கீர்த்திகனின் காது இரண்டும் உள்ளங்கையின் நிறத்துக்கு வந்தன.

*

அன்னபூரணம் பையும் குடையுமாக விநாயகமூர்த்தியின் வாசலில் நின்றார். சொல்லாமல் போவது மரியாதையில்லை என்று சொல்லிப்போக வந்தவர். ஓட்டோவிலிருந்து கீர்த்திகன் இறங்குவதைக் கண்டதும் குடையும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார்.

“நீ இஞ்சை எங்கையடா? ஐயோ, உள்ளுக்குப் பொம்பிளை நிக்கிறாள்! திரையை இழு, திரையை இழு!”

அறைவாசல் திரை சரேலென்று மூடிக்கொண்டது. திரைக்குக் கீழே ஒரு சோடி கொலுசுக் கால் மட்டும் அசையாமல் நின்றது.

கஜாலினி தாச்சியைக் கொண்டுவரச் செய்து முற்றத்தில் வைத்தாள். துலக்கின கீறலைக் காட்டினாள். எழுத்துக்குள் இருந்த பசையைக் காட்டினாள். மடியிலிருந்து ஒரு பின்னை எடுத்துக் கதிரைக் கையில் வைத்தாள்.

“அம்மா, அரியதரம் கருகினது சகுனத்தாலை இல்லை. உங்கடை மருமோன் அந்தத் தாச்சியிலை முதல்நாள் பிஸ்டன் சுட்டிருக்கிறார். மூண்டும் நல்ல பதமா வெந்திருக்கு.”

“நான்தான் மாமி,” என்றான் கீர்த்திகன், தலை நிமிராமல். “பொம்பிளை உங்கடை வள்ளத்திலை வரவேணுமெண்டு நீங்கள் ஆசைப்பட்டனீங்கள். அதுதான்.”

அன்னபூரணம் அந்தப் பின்னை எடுத்தார். உள்ளங்கையில் உருட்டினார். மூக்கடிக்குக் கொண்டுபோய் மோந்தார், திரும்பவும் உருட்டினார். பின்னேர வள்ளம் போய்விடுமே என்று ரஜீபன் மணிக்கூட்டைப் பார்த்தான். போனால் நல்லதுதானே என்று உடனே பார்க்காமல் விட்டான்.

“நேற்று அந்த மணம் வந்தோடனை,” என்றார் அன்னபூரணம் மெதுவாக, “எனக்கு இவற்ர மாமாதான் பக்கத்திலை வந்து நிண்ட மாதிரி இருந்தது. அவர் வீட்டுக்கு வந்தால் முதல் அந்த மணம்தான் வரும். நல்லகாரியம் நடக்கிற இடத்திலை செத்த மனிசன் ஏன் வாறார், அவருக்கு இதிலை விருப்பமில்லையோ எண்டு பயந்துபோனன். கரியைப் பாத்துப் பயப்படேல்லை பிள்ளை. மணத்துக்குத்தான் பயந்தனான்.”

கீர்த்திகன் தலை நிமிர்ந்து மாமியைப் பார்த்தான்.

“அவர் வரேல்லை அம்மா,” என்றாள் கஜாலினி. “அவற்ர எஞ்சின் வந்திருக்கு.”

அன்னபூரணத்தின் வாயோரம் லேசாக அசைந்தது. மருமகனைப் பார்த்தார்.

“தனியவே கழட்டினனி?”

“ஓம் மாமி. தனிய.”

“அம்மாளாச்சியாணை?”

கீர்த்திகன் குனிந்து தலையிலிருந்த மண்ணைத் தட்டினான். விநாயகமூர்த்தி, “அதென்ன, தனியத்தானெண்டு பொடியன் சொல்லுதெல்லோ,” என்று இடையில் விழுந்தார். அவரை யாரும் கவனிக்கவில்லை.

“தனிய ஏலாதடா,” என்றார் அன்னபூரணம். “கொதியெண்ணெயிலையிருந்து எடுத்த பிஸ்டனை ரெண்டு கையாலையும் துணி போட்டுப் பிடிக்க ஒராள். ஆற முதல் பின்னைத் தள்ள இன்னொராள். எனக்குச் சொல்லுறியோ? கலியாணம் முடிச்ச புதுசிலை உன்ர மாமா பிடிக்க, ஆர் தள்ளினதெண்டு நினைச்சாய்?”

தம் வலது பெருவிரலை நீட்டினார். நுனியில், வரிகளுக்கு நடுவே, வெளிறிப்போன ஒரு சின்ன வட்டம். ஓட்டைப் பின்னின் வாய் அளவில், அச்சுப் பிசகாமல் ஒரு வளையம்.

ரஜீபன் கஜாலினியின் பெருவிரலைப் பார்த்தான். பிறகு திரைக்குக் கீழே நின்ற கால்களைப் பார்த்தான். அவனுடைய வாய் தானாகத் திறந்தது. கஜாலினி அவனுடைய காலை மிதித்தாள்.

“லோஜனா!” என்று கூப்பிட்டார் அன்னபூரணம். “வெளியிலை வராதை, மாப்பிள்ளை நிக்கிறான். கையை மட்டும் நீட்டு. வலக்கை.”

திரை அசைந்தது. பிறகு பூவும் கொடியுமாக ஒரு கை தயங்கித் தயங்கி வெளியே வந்தது. அன்னபூரணம் அதைப் பிடித்து, பெருவிரலில் காய்ந்திருந்த மருதோன்றியைச் சேலைத் தலைப்பால் மெல்லத் துடைத்தார். சிவந்த நுனியில் அதைவிடச் சிவப்பாக ஒரு வளையம்.

தம் விரலை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே அளவு.

“விளக்குச் சுட்டதெண்டு சொன்னவள்,” என்றார் விநாயகமூர்த்தி.

“ஓம், விளக்குத்தான்,” என்றார் அன்னபூரணம், கையை விடாமல். “வட்ட விளக்கு. உங்கடை பின்வேலியிலை ஒரு பொட்டு இருக்கும், அதுக்குள்ளாலை ஆள் போய்வரலாம். நாளைக்கே அடைச்சுவிடுங்கோ. இனித் தேவையில்லை.”

“அப்ப முகூர்த்தம் மாமி?” என்றது திரை.

“அதே முகூர்த்தம்தான். வேற தாச்சி எடுத்து, நாளைக்கு நல்லநேரம் பாத்து முதல் அரியதரத்தைப் போடுங்கோ. நேற்றுப் போட்டது அரியதரத்திலை சேராது.”

ரஜீபனுக்கு இனிமேலும் அடக்க முடியவில்லை. “ரெண்டு பேரும் ஆளையாள் பாத்ததுக்கு என்ன செய்யிறது அம்மா?”

“ஆர் பாத்தது? மம்மலுக்கை முகம் தெரியுமே?” என்றார் அன்னபூரணம். “நீர் ஏன் தம்பி இன்னும் கலியாணம் முடிக்கேல்லை? வாயோ காரணம்?”

கஜாலினி சிரித்தாள். அன்று காலையிலிருந்து அவள் சிரித்தது அதுதான் முதல்தடவை. ரஜீபன் அதை மனசில் குறித்துவைத்துக்கொண்டான்.

அன்னபூரணம் பையையும் குடையையும் கதிரையில் வைத்தார். கீர்த்திகனிடம் திரும்பினார்.

“எஞ்சினைப் பூட்டியாச்சோ?”

“இல்லை மாமி. சயந்தன் அண்ணை புதுப் பின் மூண்டு கொண்டுவந்து வைச்சிருக்கிறார்.”

“உள்ளுக்குப் போடவும் சூடு காட்டவேணும், தெரியுமெல்லோ? அதுக்கும் ரெண்டு பேர் வேணும்.”

கீர்த்திகனின் கண் தன்னையறியாமல் திரைப்பக்கம் போனது. திரைக்குக் கீழே ஒரு கொலுசு மெல்லச் சிணுங்கியது.

“அங்காலை பாக்காதை,” என்றார் அன்னபூரணம். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினார். “தாச்சியைத் தூக்கி ஓட்டோவிலை வை. பிடிக்கிறது நீ. தள்ளுறது நான்.”